இணுக்கும் ஈர்க்கும்: தாவர வருணனைச் சொற்கள் குறித்து ஒரு விசாரம்



ஆண்டுதோறும் காவியங்களைப் பற்றியும் கவிஞர்களைப் பற்றியும் பேசப்பட்டுவரும் இம்மேடையில், இலையையும் காம்பையும் முள்ளையும் பற்றிப் பேசுவதற்கென்று, தாவர சாஸ்திரம் பயிற்றுவித்தே காலம் கழித்த ஒருவனை இவ்வாண்டு அழைத்திருக்கிறீர்கள். இந்தத் துணிவுக்காக உங்களை முதலில் பாராட்டிவிடுகிறேன். நன்றியைப் பேச்சு முடிந்த பிறகு, நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால், சொல்லிக்கொள்கிறேன். மொழியை ஆராய்வோருக்குச் சொல் முக்கியம். செடியை ஆராய்வோருக்குச் செடி முக்கியம். இரண்டுக்கும் நடுவே, செடியின் அவயவங்களையும் அவ்வவயவங்களின் இயல்புகளையும் குறிக்கும் சொற்கள் என்று ஒரு வயல் இருக்கிறது. அது இருதிறத்தாருக்கும் பொதுவாக இருப்பதனாலேயே இருவராலும் உழப்படாமல் கரம்பாகக் கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதில் இரண்டொரு சால் ஓட்டிப் பார்ப்பதே இன்றைய காரியம்.

ஐந்து விரல் இலை

நான் கல்லூரியில் முதலாண்டு மாணவனாக இருந்தபோது எங்கள் தாவர நூல் ஆசிரியர் ஒரு நாள் எங்களை இருவர் இருவராகப் பிரித்து, முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் உட்காரவைத்து, ஒருவன் கையில் ஒரு கிளையைக் கொடுத்து அதை வார்த்தையால் எழுதச் சொன்னார். எழுதிய தாளை மற்றவனிடம் கொடுத்து, கிளையைக் காட்டாமலே, அந்த வார்த்தைகளைக்கொண்டு படம் வரையச் சொன்னார். எனக்கு வாய்த்தது நொச்சி. நான் தமிழில் கொஞ்சம் பெருமை உள்ளவன். ஆகவே, இலை ஐந்து விரல் போலப் பிரிந்து, மேலே பச்சையும் கீழே வெண்மையுமாய், நுனி கூர்ந்து விளங்குகிறது என்று எழுதிக் கொடுத்தேன். என் நண்பன் வரைந்து நீட்டிய படத்தைப் பார்த்தால், அது சாக்ஷாத் ஆமணக்கிலையாக இருந்தது. அவன்மேல் குற்றமில்லை. ஆமணக்கின் இலையும் விரல்போலப் பிரிந்ததுதான். ஆனால் அங்கே பிளவு நடுவரைக்கும் எட்டாமல் பாதி வழியில் நின்றுவிடுவதால் இலை ஒன்றாகவே இருக்கிறது. நொச்சியிலோ பிரிவு அடிவரைக்கும் சென்று, ஒவ்வொரு விரலும் தனக்கென்று ஒரு சிறு காம்புடன் தனித்தனிச் சிற்றிலையாகிவிடுகிறது. ஆசிரியர் படத்தையும் கிளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “செடி பிழைத்துக்கொண்டது; உன் சொல்தான் அப்பா பிழைத்துவிட்டது” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு உரை எழுதுவதாகவே என் பிற்கால உழைப்பு முழுவதையும் நான் கருதுகிறேன். காணாத ஒருவன், கேட்ட வார்த்தையைக்கொண்டு கண்டவன் கண்டதையே வரைய முடியுமானால், அந்த வார்த்தை பரிபாஷை. முடியாவிட்டால், அது எத்துணை அழகாக இருந்தாலும், வெறும் வருணனை. ‘பிளவுபட்ட இலை’ என்றும் ‘கூட்டிலை’ என்றும் இரண்டு சொற்கள் அன்று என்னிடம் இருந்திருக்குமானால், அவற்றின் எல்லைகளும் எனக்கும் என் நண்பனுக்கும் ஒன்றுபோலத் தெரிந்திருக்குமானால், நொச்சி நொச்சியாகவே தாளில் முளைத்திருக்கும்.

மாலையும் பாவுநூலும் உலக்கையும்

இத்தகைய சொற்களுக்கு இலக்கணம் வகுத்தவர்களில் முதல்வராக ஸ்வீடன் தேசத்து லின்னேயஸைச் சொல்வது வழக்கம். 1751-இல் அவர் வெளியிட்ட ‘பிலாஸபியா பொடானிகா’ என்ற லத்தீன் நூலில், செடியின் ஒவ்வோர் உறுப்பையும், இலையின் ஒவ்வொரு வடிவத்தையும் பெயரிட்டு, வரையறுத்து, படமும் போட்டுக் காட்டினார். அந்தச் சொற்களைப் பார்த்து நம்மில் பலர், அவை வானத்திலிருந்து இறங்கிய சாஸ்திரச் சொற்கள் என்றும், நம் மொழியில் அவற்றுக்கு இணை தேடுவது வீண் என்றும் மலைத்துப் போவதுண்டு. உண்மையோ வேறு. பூவின் நிறமுள்ள இதழ்த் தொகுதிக்கு அவர்கள் வழங்கும் ‘கொரோலா’ என்ற சொல்லுக்கு லத்தீனில் சிறு மாலை என்பதே பொருள். மகரந்தம் தாங்கும் உறுப்புக்கு இட்ட ‘ஸ்டேமன்’ என்பது தறியில் நெய்கிறவன் பூட்டும் பாவுநூல். நடுவே நிற்கும் பெண்ணுறுப்புக்கு இட்ட ‘பிஸ்டில்’ என்பது மருந்து இடிக்கும் உலக்கை. மாலை கட்டுகிறவளும், தறி நெய்கிறவனும், மருந்து இடிக்கிறவனும் பேசிய பேச்சிலிருந்தே அந்தச் சொற்கள் எடுக்கப்பட்டன. அவற்றைச் சாஸ்திரச் சொற்களாக்கியது அவற்றின் பிறப்பன்று. இனி இந்தச் சொல் இதைத்தான் குறிக்கும், இதற்கு அப்பால் ஓர் அங்குலமும் நகராது என்று போட்ட வேலி.

இந்த லின்னேயஸின் மாணவர்களுள் ஒருவர் நம் கடற்கரைக்கே வந்து சேர்ந்தார். யோஹான் கெர்ஹார்ட் கேனிக் என்ற அவர் 1768-இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் மிஷன் மருத்துவராக அமர்ந்து, இந்நாட்டுச் செடிகளைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நம் வீட்டுக் கறிவேப்பிலையின் சாஸ்திரப் பெயரில் இன்றைக்கும் நிற்பது அவருடைய பெயர்தான். அவருக்குப் பின் வந்த ராபர்ட் வைட் என்ற மருத்துவர் 1838 முதல் 1853 வரையில் 2,000-க்கு மேற்பட்ட இந்நாட்டுச் செடிகளின் படங்களை வெளியிட்டபோது, அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். நம்மவர் கண் அந்தச் செடிகளைத் துல்லியமாகக் கண்டது. நம்மவர் கை துல்லியமாக வரைந்தது. ஆனால் படத்தின் கீழே எழுதப்பட்ட வார்த்தைகள் லத்தீனாகவும் ஆங்கிலமாகவுமே இருந்தன. கண்ணும் கையும் நம்முடையனவாக இருக்க, வாய் மட்டும் ஏன் நம்முடையதாக இல்லாமற் போயிற்று என்பதே இந்த விசாரத்தின் அடிப்படைக் கேள்வி.

காழ் எங்கே இருக்கிறது

சொல் இல்லாமையால் அன்று என்பதில் சந்தேகமில்லை. தொல்காப்பியத்தின் மரபியலை ஒரு தாவர நூல் மாணவன் முதன்முதலாகப் புரட்டும்போது அடையும் வியப்பு எளிதில் அடங்குவதன்று. புறத்தே காழ், அதாவது வயிரம், உடையவை புல் என்றும், அகத்தே வயிரம் உடையவை மரம் என்றும் நிலைத்திணை அனைத்தையும் இரண்டாகப் பகுத்து, தோடு, மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை முதலியவை புல்லின் உறுப்புப் பெயர்கள் எனவும், இலை, முறி, தளிர், சினை, அரும்பு, நனை முதலியவை மரத்தின் உறுப்புப் பெயர்கள் எனவும், காயும் பழமும் தோலும் செதிளும் வீழும் இரண்டுக்கும் பொது எனவும் அங்கே நிரல்பட வைத்திருக்கிறது. இந்தப் பகுப்பில் தென்னையும் பனையும் கமுகும் நம் கண்ணுக்கு மரமாகத் தோன்றினாலும் இலக்கணத்தில் புல்லாகிவிடுகின்றன. இன்றைய சாஸ்திரமும் அவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்று சொல்லி, புல்லோடும் மூங்கிலோடும் ஒரே பெருவகுப்பில்தான் சேர்க்கிறது.

இது வெறும் ஏட்டறிவன்று என்பதற்கு ஒரு தச்சனைக் கேட்டால் போதும். வீட்டுக்கூரைக்குப் பனங்கை அறுக்கிறவன் மரத்தின் வெளிப்புறத்தைக் கையாக்கிக்கொண்டு, நடுவிலுள்ள சோற்றியை எடுத்து எறிந்துவிடுகிறான். கதவுக்கு வேம்பு அறுக்கிறவனோ வெளிப்புறத்து வெள்ளையைச் செதுக்கி எறிந்துவிட்டு, நடுவிலுள்ள வயிரத்தையே வைத்துக்கொள்கிறான். ஒருவன் எறிந்த இடத்தை மற்றவன் வைத்துக்கொள்கிறான். காரணமும் தெளிவானது. பனையின் தண்டில் நீரும் உணவும் ஓடும் நார்க்கற்றைகள் உள்ளெங்கும் சிதறிக் கிடந்தாலும் விளிம்பை ஒட்டியே நெருங்கி நிற்கின்றன. வேம்பிலோ ஆண்டுதோறும் புதுக்கட்டை வெளிப்பக்கத்தில் வளைய வளைய வளர, நடுவே கிடக்கும் பழங்கட்டை நீரோட்டம் அற்று, பிசினும் பிறவும் படிந்து இறுகிக் கறுத்துப் போகிறது. காழ் எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்வியைக் கேட்டு நிலைத்திணையை இரண்டாக்கியவன், செடியைப் பார்த்துப் பெயர் மட்டும் இட்டவனல்லன். செடியிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னதென்று அறிந்தவன். பரிபாஷையின் உயிர்நிலை இதுதான். ஒவ்வொரு விவரணச் சொல்லும் ஒரு கேள்விக்குச் செடி சொல்லும் பதில்.

செல்வமும் அதன் குறையும்

இனி நம்முடைய செல்வத்தைப் பற்றி நாமே பெருமைப்பட்டுக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். பெருமையை ஒப்புக்கொண்டே ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாவின் பிஞ்சுக்கு வடு என்றும், பலாவின் பிஞ்சுக்கு மூசு என்றும், வாழையின் பிஞ்சுக்குக் கச்சல் என்றும், தென்னைக்கும் பனைக்கும் குரும்பை என்றும் தனித்தனியே பெயர் வைத்திருக்கிற மொழி நம்முடையது. பூ ஒன்றையே அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று பருவந்தோறும் அழைப்போம். இதைக் கேட்டுப் பிறநாட்டார் வியப்பது நியாயமே. ஆனால் சாஸ்திரத்தின் தேவை வேறொரு திசையில் இருக்கிறது. வடு என்ற சொல் மாவை விட்டு நகராது. கச்சல் வாழையை விட்டு நகராது. செடிக்கொரு சொல் இருப்பது செல்வம். செடிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு சொல் இருப்பது கருவி. செல்வத்தை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் கருவி செய்யத் தோன்றாது.

பொதுச் சொல்லாக வழங்கும் சொற்களிலும் ஒரு தடை உண்டு. மட்டை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை மட்டை என்றால் ஓலையின் காம்பும் அதன் தொடர்ச்சியும். தேங்காய் மட்டை என்றால் காயின் நார் நிறைந்த மேலோடு. வாழை மட்டை என்றால் ஒன்றையொன்று சுற்றி நின்று, தண்டு போலத் தோற்றி நம்மை ஏமாற்றுகிற இலையடி உறை. காம்பு ஒன்று, கனியின் ஓடு ஒன்று, இலையின் உறை ஒன்று: மூன்று வெவ்வேறு உறுப்புக்கு ஒரே பெயர். ஈர்க்கு என்ற சொல்லும் அப்படியே. தென்னையில் அது துடைப்பம் கட்டும் குச்சி, அதாவது ஓலைக்கீற்றில் தனித்தனியாய் நிற்கும் ஒவ்வொரு சிற்றிலையின் நடுநரம்பு. வேம்பிலோ, மருத்துவர் வேப்பீர்க்கு என்று கேட்டு வாங்குவது, சிற்றிலைகளையெல்லாம் உருவிய பிறகு எஞ்சும் நடு அச்சு. ஊர்ப்பேச்சில் இதனால் ஒரு குழப்பமும் நேர்வதில்லை. துடைப்பம் கட்டுகிறவள் வேம்பிடம் போவதில்லை. கஷாயம் வைக்கிறவர் தென்னையிடம் போவதில்லை. காரியம் சூழ்நிலையால் தெளிவாகிவிடுகிறது. சூழ்நிலையின் துணையில்லாமல் தனித்து நிற்க வேண்டிய சாஸ்திர வாக்கியத்தில்தான் அந்தச் சொல் கால் தடுமாறுகிறது.

அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாடம்

ஆயினும் ஊர்ப்பேச்சு எப்போதும் தடுமாறுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. சில இடங்களில் அது சாஸ்திரத்தை முந்திக்கொண்டு நிற்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஆசிரியனான புதிதில், கூட்டிலையைப் பற்றி மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தைத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் இலை என்று நினைப்பது சில செடிகளில் முழு இலையன்று, இலையின் ஒரு பகுதியே என்பதை மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் திகைத்தேன். அடுக்களையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த என் அத்தை, “ஏண்டா, வாசல் செடியிலிருந்து ரெண்டு இணுக்குக் கறிவேப்பிலை கிள்ளிண்டு வா, கொத்தை ஒடிச்சுடாதே” என்று குரல் கொடுத்தாள். நான் எழுந்து போய்ச் செடியின் முன்னே நின்றேன். நின்ற இடத்திலேயே என் பாடம் முடிந்துவிட்டது.

அத்தை ‘ரெண்டு இலை’ என்று கேட்கவில்லை; கேட்டிருந்தால் இரண்டு சிறு தகடுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து ஏச்சு வாங்கியிருப்பேன். கொத்து என்றும் கேட்கவில்லை. கொத்து என்றால் பல இலைகளோடு கூடிய கிளை. இரண்டுக்கும் இடையிலுள்ள ஒன்றுக்கு அவளிடம் இணுக்கு என்று ஒரு தனிச்சொல் இருந்தது. ஒரு நடு அச்சு. அதன் இருபுறமும் முறை மாறிமாறி, பத்துக்கும் இருபதுக்கும் நடுவிலான எண்ணிக்கையில், சில சமயம் அதற்கும் மேலாகச் சிறு தகடுகள். நுனியில் தனியாக ஒன்று. தாவர நூல் ‘சிறகுக் கூட்டிலை’ என்று சொல்வது எதுவோ, அதுவேதான் அத்தையின் இணுக்கு. சாஸ்திரக்காரன் இதை முழு இலை என்று தீர்மானிப்பதற்கு வைத்திருக்கும் பிரமாணம் எளியது: இலை எங்கே தண்டோடு சேர்கிறதோ அந்தக் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும், கறிவேப்பிலையில் இணுக்கின் அடியில் அந்த மொட்டு இருக்கிறது, சிறு தகடுகளின் அடியில் இல்லை, ஆகவே இணுக்கு இலை, தகடு சிற்றிலை. அத்தை மொட்டைத் தேடிப் பார்த்தவளல்லள். ஆனால் கையால் கிள்ளினால் செடிக்குச் சேதமில்லாமல் எது தன்னியல்பாகக் கழன்று வருகிறதோ அதுவே அவளுக்கு அலகு. செடி தானாகப் பழுத்து உதிர்க்கும்போதும் அந்த மூட்டில்தான் கழல்கிறது. அவள் கையும் சாஸ்திரத்தின் கண்ணும் ஒரே இடத்தைத் தொட்டன. இணுக்கு என்ற சொல்லில் வரையறையின் பாதி அன்றே இருந்தது; கக்கத்து மொட்டு என்ற மறுபாதியைச் சேர்த்துவிட்டால் அது குறையற்ற பரிபாஷை.

முள் என்னும் ஒரு சொல்

எதிர்மறையான உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும். முள் என்பது நமக்கு ஒரே சொல், குத்தினால் முள். ஆனால் ரோஜாவின் முள்ளையும் எலுமிச்சையின் முள்ளையும் ஒரு நாள் விரலால் சோதித்துப் பாருங்கள். ரோஜாவின் முள்ளைப் பக்கவாட்டில் அழுத்தினால், அது படக்கென்று கழன்று, ஒரு வழுவழுப்பான வடுவை விட்டுவிட்டு வந்துவிடும். தண்டின் உள்ளே அதற்கு வேர் இல்லை, தோலின்மேல் எழுந்த ஒரு புடைப்பே அது. எலுமிச்சையின் முள்ளை அப்படிக் கழற்ற முடியாது. அது இலையின் கக்கத்தில், கிளை தோன்ற வேண்டிய இடத்தில் தோன்றியிருப்பதால், உள்ளே கட்டையோடு கட்டையாக இணைந்து நிற்கும். அது கிளையின் ஒரு மாறுவேடம். இலந்தைக்குப் போனால் வேறொரு விசேஷம்: இலைக்காம்பின் அடியில் இரண்டு முட்கள் இணையாக நிற்க, ஒன்று நேராகவும் மற்றொன்று கொக்கிபோல வளைந்தும் இருக்கக் காணலாம், நேர்முள்ளுக்கு அஞ்சி விலகுகிற கையை வளைமுள் பிடித்துக்கொள்ளும். கருவேலின் வெள்ளை முட்களும் அவ்வாறே இணையாக நிற்பவை. இந்த இணை முட்கள் கிளையும் அல்ல, தோலும் அல்ல. இலையடிச் செதில்கள் இறுகி முள்ளானவை.

தோல் முள், கிளை முள், செதில் முள் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்ல நமக்கு என்ன தடை? புதிய சொல் எதுவும் தேவையில்லை. முள் என்ற சொல்லுக்கு முன்னே, அது எதிலிருந்து பிறந்தது என்ற கேள்வியை ஓர் அடைமொழியாக வைத்தாலே போதும். குத்துகிறதா என்று கேட்ட மொழி, எங்கிருந்து பிறந்தது என்றும் கேட்கத் தொடங்குகிறது. அவ்வளவே வேறுபாடு, ஆனால் அந்த வேறுபாட்டில்தான் சாஸ்திரம் இருக்கிறது.

கருக்கும் தேள்கொடுக்கும்

வடிவத்தைச் சொல்லும் சொற்களுக்கு வருவோம். பாடநூல்களில் இலை விளிம்பு அரம் போலவோ வாள் போலவோ பற்கள் கொண்டிருந்தால் ‘இரம்பப்பல் விளிம்பு’ என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் நெல் அறுக்கிறவன் கையில் பல்வைத்த அரிவாளைக் கருக்கரிவாள் என்கிறான். பனைமட்டையின் இரு விளிம்பிலும் கையைக் கீறுகிற பல் வரிசையைப் பனையேறி கருக்கு என்கிறான். இரும்பிலும் மட்டையிலும் ஒருபோல வழங்கி, பற்களை உடைய விளிம்பு என்ற பொருளில் ஏற்கெனவே பொதுமை பெற்றுவிட்ட சொல் அது. வேம்பின் சிற்றிலைக்குக் கருக்கு விளிம்பு என்று சொன்னால் உழவன் மகனுக்கு உரை வேண்டியதில்லை. செடியின் மேல் அடர்ந்து அரிப்பெடுக்கவைக்கும் நுண்மயிருக்குச் சுணை என்று பெயர்; மூங்கில் வெட்டுகிறவனுக்கும் கரும்புச் சோகை உரிக்கிறவனுக்கும் அது நன்றாகத் தெரியும். சாம்பல் பூசணியின் மேல் விரலால் துடைத்தால் நீங்கும் வெண்பொடி ஒருவகை மெழுகு. அதைச் சாம்பல் பூத்திருக்கிறது என்று சொல்கிற வழக்கில், பூத்தல் என்ற வினை மேற்பரப்பின் ஓர் இயல்பைக் குறிக்கும் விவரணச் சொல்லாகவே ஆகிவிட்டது.

இதற்கு மாறாக, வெற்றிலையின் வடிவத்தை ‘இதய வடிவம்’ என்று எழுதுகிறோம். மனித இதயத்தை அறுத்துப் பார்த்தவர்க்கு அது அவ்வடிவில் இல்லை என்பது தெரியும். சீட்டுக்கட்டில் அச்சிட்ட இதயமே அப்படி இருக்கிறது. நம் தட்டார்கள் குழந்தையின் அரைக்கு ஓர் அணி செய்து அதற்கு அரசிலை என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அடி குழிந்து, நுனி கூர்ந்த வடிவத்துக்கு நம்மிடம் உருவப்பெயர் தங்கத்திலேயே இருந்திருக்கிறது. எனினும் இங்கேயும் எச்சரிக்கை வேண்டும். அரசிலையின் நுனி வால்போல நீண்டு ஒழுகுவது; வெற்றிலையின் நுனி அவ்வளவு நீள்வதில்லை. ஆகவே அரசிலை வடிவம் என்று நாம் வைத்துக்கொண்டால், அது அடிப்பகுதியின் குழிவை மட்டும் குறிக்குமா, நுனியின் வாலையும் சேர்த்துக் குறிக்குமா என்பதை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். உவமை கதவைத் திறந்துவிடும். வாசற்படியில் காவல் நிற்க வேண்டியது வரையறை.

நம் முன்னோர் செடிக்கு வைத்த பெயர்களிலேயே இத்தகைய விவரணைகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு கணுவில் ஏழு இலைகள் சூழ்ந்து நிற்பதைக் கண்டு ஏழிலைப்பாலை என்றார்கள். வட்ட அடுக்கு என்று நாம் இன்று சொல்லும் இலையமைவு அந்தப் பெயரில் இருக்கிறது. தரையோடு ஓடும் சிறு கொடியின் அகன்று வளைந்த இலையைக் கண்டு எலிக்காதிலை என்றார்கள். எனக்கு எல்லாவற்றிலும் வியப்பளிப்பது தேள்கொடுக்கு என்ற குத்துச்செடி. அதன் சிறு பூக்கள் ஒரு பக்கமாகவே வரிசைப்பட்டு, அவற்றைத் தாங்கும் தண்டு நுனியில் தேளின் வால்போலச் சுருண்டிருக்கும். அடியிலுள்ள பூக்கள் மலர மலரச் சுருள் அவிழ்ந்துகொண்டே வரும். ஐரோப்பியத் தாவர நூலார் இத்தகைய பூங்கொத்துக்கு வைத்த லத்தீன் பெயரும் தேளை வைத்தே அமைந்தது. ஒருவர் மற்றவரிடமிருந்து கடன் வாங்கினார் என்று சொல்ல இடமில்லை. இரண்டு தேசத்துக் கண்கள் ஒரே சுருளைக் கண்டு ஒரே பூச்சியை நினைத்தன. வேறுபாடு என்னவென்றால், அவர்கள் அந்தப் பெயரைச் செடியிலிருந்து கழற்றி, அப்படிச் சுருளும் எல்லாப் பூங்கொத்துக்களுக்கும் பொதுவாக்கினார்கள். நாம் செடியோடேயே விட்டுவிட்டோம்.

சொல்லாக்கியோர்

சொல்லாக்கும் முயற்சியில் நம்மவர் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமுவேல் கிறீன் என்ற மருத்துவர் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்து சொற்களைத் தேடினார். 1916-இல் சேலத்தில் இராஜகோபாலாச்சாரியார் முதலியோர் கூடி, தமிழில் சாஸ்திர பரிபாஷை அமைக்கவென்றே ஒரு சங்கமும் பத்திரிகையும் நடத்தினார்கள். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் கலைச்சொற்களை நூலாக வெளியிட்டது. பெரியசாமித் தூரனை ஆசிரியராகக்கொண்டு 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் தாவரங்களைப் பற்றியும் தமிழில் எழுத முடியும் என்பதைச் செய்து காட்டின. வடசொல்லா தென்சொல்லா என்ற வழக்கு இவர்களுக்கிடையே மிகுதியாக நடந்தது. எனக்கு இரண்டிலும் பகையில்லை. ஆனால் அந்த வழக்கின் இரைச்சலில் வேறொரு கேள்வி கேளாமற் போயிற்று என்று தோன்றுகிறது.

மகரந்தம் என்ற சொல்லைப் பாருங்கள். வடமொழியில் அதற்குப் பூவின் தேன் என்பதே பழைய பொருள். நாம் இன்று பூந்தூளுக்கு அதைப் பரிபாஷையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பொடிக்குத் தாது என்ற சொல் நம்மிடம் முன்பே இருந்தது. புல்லி, அல்லி என்ற சொற்களோ பூவின் புற இதழையும் அக இதழையும் முறையே குறித்து வழங்கியவை. அவற்றை எடுத்துப் புல்லிவட்டம், அல்லிவட்டம் என்று வைத்தவர்கள் இருந்த சொல்லை இருந்த பொருளிலேயே வேலியிட்டு நிறுத்தினார்கள். மகரந்தமும் இன்று நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேனைக் குறித்த சொல் பொடியைக் குறிக்க வந்தும் இன்று ஒரு மாணவனும் மயங்குவதில்லை, ஏனெனில் அதன் வரையறை திட்டமானது. சொல்லின் குலத்தைவிட அதன் வேலி முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே பரிபாஷை செய்ய முனைவோர்க்கு என் விண்ணப்பம் மூன்றே. அகராதியைத் திறப்பதற்கு முன் தச்சனிடமும் பனையேறியிடமும் அடுக்களையிலும் போய்க் கேளுங்கள். அங்கே கிடைத்த சொல் எந்த உறுப்பை, எந்த எல்லைவரை குறிக்கிறது என்று செடியின் முன்னால் நின்று சோதியுங்கள். சோதனையில் தப்பிய சொல்லுக்கு ஒரு வரையறையும் ஒரு படமும் கொடுத்து, இனி அது வேறிடம் போகாதபடி நிறுத்துங்கள். முதலாவதைச் செய்யாதவர் உயிரற்ற சொல்லைப் படைப்பார். இரண்டாவதைச் செய்யாதவர் நான் நொச்சிக்கு எழுதியதுபோல எழுதுவார். மூன்றாவதைச் செய்யாதவர் ஒரே உறுப்புக்கு ஊருக்கொரு பெயரைக் கொடுத்துவிட்டுப் போவார்.

நெல்லியின் ஈர்க்கு

முடிக்குமுன் ஒரே ஒரு செடியை உங்கள் முன் வைத்துவிடுகிறேன். நெல்லியைக் கண்டிராதவர் இக்கூடத்தில் இருக்க மாட்டீர்கள். மெல்லிய அச்சு, இருபுறமும் நெருங்கிய சிறு தகடுகள்: பார்வைக்கு அச்சாகப் புளியங்கூட்டிலை போலவே இருக்கும், பழுத்து உதிரும்போதும் கறிவேப்பிலை இணுக்கு கழல்வதுபோல முழுதாகவே கழன்று விழும். மருந்துச் சரக்கில் நெல்லி ஈர்க்கு என்று, வேப்பீர்க்கோடு சேர்த்தே சொல்வார்கள். என் அத்தையின் கை இங்கே நிச்சயம் ஏமாந்திருக்கும். ஆனால் கக்கத்து மொட்டு என்ற அந்தக் கேள்வியை நெல்லியிடம் கேட்டுப் பாருங்கள். பூவும் காயும் அச்சின் அடியில் மட்டும் இருக்கவில்லை. அச்சு நெடுகிலும், சிறு தகடுகளின் கக்கங்களிலேயே உட்கார்ந்திருக்கின்றன. இலையின் நடுவே இப்படிக் காய் காய்ப்பதில்லை. ஆகவே நாம் சிற்றிலை என்று நினைத்தது முழு இலை. ஈர்க்கு என்று நினைத்தது ஒரு சிறு கிளை. வேப்பீர்க்கும் நெல்லி ஈர்க்கும் பெயரால் ஒன்று, பிறப்பால் இரண்டு.

இதை முதன்முதலாகக் கண்டவர் நம் தாவர நூலார்தாம் என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பிறகொரு நாள் வரப்பில் காலுக்கடியில் கிடந்த ஒரு சிறு பூண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது என் எண்ணம் மாறிவிட்டது. அதுவும் நெல்லியின் இனம். அதே மெல்லிய அச்சு, அதே சிறு தகடுகள். திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு தகட்டின் அடியிலும் கடுகளவு காய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மேலே நின்று பார்க்கிறவனுக்கு அது கூட்டிலை. கீழே திருப்பிப் பார்க்கிறவனுக்கே அது கிளை. யாரோ ஒரு நாட்டு வைத்தியன் என்றோ ஒரு நாள் அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, அச்செடியை இன்னதென்று தீர்மானிக்கும் அந்த ஒற்றை லக்ஷணத்தையே அதற்குப் பெயராக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்பெயர் கீழாநெல்லி.